புரட்டாசியில் கடலுக்குப் போனது

செப்டம்பர் 18, புதன்

மின்வாரியச் சங்கம் வருஷா வருஷம் இவருக்குக் கொடுக்கிற டைரி இது. முன்பக்கம் முழுக்க நான் எழுதி வைத்த ரவிக்கை அளவுகள். அதனால் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது, சொல்ல ஆள் இல்லை.

ரேணுகா சென்னையிலிருந்து போன் செய்தாள். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி ஓர் அறை போட்டுவிட்டாளாம். அக்டோபர் மூன்றாம் தேதி போய் ஆறாம் தேதி திரும்பவேண்டும். முதல் இரண்டு நாள் நானும் அவள் அப்பாவும், சனிக்கிழமை அவளும் வந்து சேர்ந்துகொள்வாள்.

"யாரடி கேட்டுப் போட்ட?"

"உன்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல."

என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை.

புரட்டாசியில் ஏன் என்றேன். புரட்டாசியில்தான் கூட்டம் இருக்காது என்றாள். ஏன் கூட்டம் இருக்காது என்று அந்தப் பெண் யோசித்தாளா? பாதி ஊர் கவிச்சி தொடாத மாதம். கடற்கரை வரைக்கும் போய், அடுத்தவன் தட்டில் மீன் வறுவலை மோந்து பார்த்துவிட்டு, நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டு வரவேண்டும். இதற்கு ஓர் அறை, அதற்கு ஒரு பால்கனி.

இவரிடம் சொன்னேன். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி" என்றார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எந்த வண்டி, எந்தப் பக்கத்து சீட்டு, வழியில் எங்கே டீ என்று ஒரு மணி நேரம் சண்டை போடுகிற மனுஷர்.

நல்லதுதான். சண்டை மிச்சம்.

செப்டம்பர் 20, வெள்ளி

துணியை வெட்டுவதற்கு முன்னால் விரித்துப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

போகக்கூடாது என்பதற்குக் காரணம் கேட்டால் கொட்டிக் கிடக்கிறது. தீபாவளி ரவிக்கைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பஃப் கை வேண்டுமாம். கடல் காற்றில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். புடவைக் கரையில் ஏறுகிற மணல் சேலம் வந்து துவைத்தாலும் போகாது. ஏசியில் படுத்தால் இவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். மீனும் கிடையாது, அதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

போகலாம் என்பதற்கு: நான் கடலை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் யாராவது ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. அப்புறம், அத்தனை நாளும் அடுப்படிக்குப் போகவேண்டாம். இன்னொருத்தர் காபி போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஒன்றுக்காகவே போகலாம் என்று தோன்றுகிறது, வெட்கத்தை விட்டுச் சொன்னால்.

ரேணுகா அப்பாவோடு இரண்டு நாள் கூடவே இருப்பாள். போனில் பேசுவது வேறு, கூட இருப்பது வேறு. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. நாங்கள் போகாமல் இருந்தாலும் ஏன் வரவில்லை என்று கிளம்பி இங்கேயே வந்துவிடுவாள்.

நல்ல விஷயம் ஒன்றும் உண்டு. ஆடி மாதத்திலிருந்து இந்த வீட்டில் பாயசப் பேச்சு இல்லை. ராசிபுரத்தில் எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முந்திரியே இல்லையாம். எங்கே பாயசத்தைப் பார்த்தாலும், "உங்கப்பன் முந்திரி போடாம என் மானத்தை வாங்குனாரு" என்று ஆரம்பிப்பார். "போட்ட முந்திரிய உங்க அக்கா மடியில கட்டிட்டுப் போயிட்டாங்க" என்று நானும் விடமாட்டேன். ஆவணியில் எதிர்வீட்டு வளைகாப்பில் இலையில் பாயசம் வந்தது. நான் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நிம்மதியாக இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. வருஷா வருஷம் போல இவர் விரதம். காலையில் பச்சைத் தண்ணீரும் மாத்திரையும் மட்டும். கோட்டைப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பாடு. விரதம் இருந்தாலும் மாத்திரையை நான் விடவிடமாட்டேன். எவர்சில்வர் டப்பாவில் வேளைக்கு வேளை பிரித்து வைத்திருக்கிறேன். பத்மநாபன் டாக்டர் எழுதியது, அப்புறம் வைகாசியில் ரேணுகா பெரிய ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்கச் செக்கப் செய்ய வைத்தாளே, அங்கே எழுதிக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து. ஒரு வேளை தவறியதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பத்மநாபன் டாக்டரிடம் சொல்லவில்லை. ரேணுகா பிறந்ததிலிருந்து எங்களைப் பார்க்கிற மனுஷர். நம்மை நம்பாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று மனசு சங்கடப்படும்.

கோயிலிலிருந்து வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "உள்ள வாங்க" என்றேன். என்னைப் பார்த்து, "இது யாரு வீடு?" என்றார்.

வெயில் அதிகம் இன்று. சாப்பிட்டுப் படுத்து எழுந்ததும் சரியாகிவிட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மோட்டார் போடச் சொன்னேன். வெகு நேரமாகச் சத்தமில்லை. போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்டு முன்னால் நிற்கிறார். கை தூக்கியபடியே இருக்கிறது. நெற்றியில் வேர்வை, விரல் லேசாக நடுங்குகிறது.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்ததே இவர்தான். மழையில் கம்பத்தில் ஏறி ஊருக்கே விளக்கு எரிய வைத்த கை.

"எதுன்னு தெரியல புள்ள" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

நானே போட்டேன். இனிமேல் மோட்டார் என் வேலை. அதில் ஒன்றும் கஷ்டமில்லை.

இவருடைய அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. பெற்ற மகனையே யாரென்று கேட்டார். அந்த வீட்டுக்குப் போய் வந்த அன்றைக்கெல்லாம் இவர் யாரிடமும் பேசமாட்டார். எனக்கும் இப்படி ஆச்சுன்னா என்று ஒருதரம் ஆரம்பித்தார். வாயை மூடுங்க என்று அதட்டினேன். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

நான்கு ரவிக்கைக்கு ஹூக் வைத்தேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 28, சனி

இரண்டாம் சனி. தனியாகப் போகிறேன் என்றார். தேங்காய்ப் பை கனக்கும் என்று சொல்லி நானும் கூடவே போனேன். பையில் ஒரே ஒரு தேங்காய்.

ராத்திரி ரேணுகா போனில் அப்பாவிடம் கொடு என்றாள். தூங்கிட்டாரு என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

போகிறோம். வேண்டாம் என்று சொல்ல மூன்று தரம் போனை எடுத்தேன். மூன்று தரமும் அவளே, "ஊசி நூல் எதுவும் கொண்டு வரக்கூடாது, சத்தியம் பண்ணு" என்று பேச்சை மாற்றிவிட்டாள். சத்தியம் செய்து தொலைத்தேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பதையும் போகக்கூடாது என்கிற பக்கத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ரவிக்கைக்காரிகளிடம் தேதி தள்ளிச் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி, "அக்கா, நீங்க பீச்சுக்கா?" என்று சிரித்தாள். அவளுக்குக் கை இறுக்கமாக வைக்கப்போகிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

ரேணுகா அனுப்பிய டாக்சியில் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் தூங்கினார்.

அறை நன்றாகத்தான் இருக்கிறது. கட்டிலில் துண்டை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்க மனசு வராமல் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டேன். குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர், உள்ளே இருப்பவர் அப்படியே தெரிகிறார். இதைக் கட்டியவனுக்கு அக்கா தங்கை இல்லையா? இவர் குளிக்கும்போது நான் பால்கனியில் நின்றேன், நான் குளிக்கும்போது அவரை நிற்கவைத்தேன்.

கடல் பெரிதாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது? வந்ததிலிருந்து இரைந்துகொண்டே இருக்கிறது, யாரும் அதை நிறுத்தச் சொல்லமுடியாது.

அக்டோபர் 4, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுதவேண்டும்.

காலைச் சாப்பாடு ஒரு பெரிய கூடத்தில். வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இவருக்கு இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பச்சைப்பயறு, அதற்கு மேல் நான் கண்ணில் காட்டுவதில்லை. இங்கே நான் தோசைக்கு வரிசையில் நின்று திரும்புவதற்குள் தட்டில் பொங்கல், பூரி, வடை, ஓரத்தில் கேசரி. முறைத்தேன். "ஊருக்கு வந்திருக்கோம் புள்ள" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்தும் பாதித் தோசையைக் கிள்ளினார்.

அப்புறம்தான் அதிசயம். தோட்டத்தில் நடக்கும்போது நின்றார். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பம், அதன் அடியில் பெட்டி திறந்து கிடந்தது. மேனேஜரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை டையைச் சரிசெய்துகொண்டே வந்தது.

"தண்ணி பக்கத்துல எர்த் இப்படியா குடுப்பாங்க? யாரு ஒயரிங் பண்ணது? குழந்தைங்க குதிக்கிற இடம். இன்னிக்கே ஆளக் கூப்பிட்டுச் சரி பண்ணணும். நான் நிக்கிறேன், நீங்க போன் பண்ணுங்க."

அதே குரல். அரை நாள் அங்கேயே நின்று எலெக்ட்ரீஷியனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். மற்ற பெண்கள் வெட்கப்படுவார்கள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மதியமும் நன்றாகச் சாப்பிட்டார். சாயங்காலம் கடலில் கால் நனைத்தோம். அலை வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், போகும்போது விட்டுவிட்டார். "உன் செருப்பு போவுது பாரு" என்றார். உண்மையாகவே போய்விட்டது.

கடல் காற்றுக்கு இந்தக் குணம் உண்டு என்று யாரும் சொல்லவில்லையே. இங்கேயே ஒரு வீடு பார்த்தால் என்ன என்றுகூட யோசித்தேன். தையல் மிஷின் எங்கே வைத்தாலும் ஓடும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நாளைக்கு ரேணுகா வரட்டும், வந்து பார்க்கட்டும்.

அக்டோபர் 5, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் சனி. விரதம். ஊருக்கு வந்த இடத்தில் எதற்கு என்றேன், கேட்கவில்லை. தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன். ஸ்தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். பெண்கள் வரிசை தனி. நான் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இவர் இல்லை.

செருப்பு விட்ட இடத்தில் செருப்பு இருந்தது. இவருடைய போன் என் பையில் இருந்தது.

கோயிலைச் சுற்றினேன், கடைத்தெரு முழுக்க ஓடினேன். கல் கொத்துகிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். வெள்ளை வேட்டி, நாமம் போட்டிருப்பாரு, உயரமா இருப்பாரு என்றேன். புரட்டாசி சனிக்கிழமை அந்த ஊரில் பாதிப் பேர் வெள்ளை வேட்டியும் நாமமும்தான். பெருமாளே, இவரை எங்கே வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். அழுததை எழுத எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

கடற்கரையில்தான் இருந்தார். மீனவர் படகுகள் நிறுத்தியிருக்கிற இடத்தில், ஒரு படகு நிழலில், மணலில். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பெயர் அஞ்சலை என்று அப்புறம் தெரிந்தது.

"உன் ஊட்டுக்காரராம்மா? ஒரே மயக்கமாக் கீறாரு. எந்த ஊருன்னு கேட்டா சொல்லத் தெர்ல."

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அக்கா, வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

சரியாக அந்த நேரத்தில்தான் ரேணுகா போன் செய்தாள், அறைக்கு வந்துவிட்டேன், எங்கே இருக்கிறீர்கள் என்று. கடற்கரைக்கு வா என்றேன். என் குரலைக் கேட்டே ஓடி வந்தாள்.

அதற்குள் அஞ்சலை சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிவரச் செய்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியவரை அதட்டியே குடிக்க வைத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர் என்று தடுக்க வாயெடுத்தேன். "இருக்கட்டும்மா, மனுசன் முதல்ல முழிக்கட்டும்" என்றார். டம்ளர் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ரேணு, நீ எப்ப வந்த?" என்று கேட்டார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை ரொம்பக் கீழே இருக்கிறது என்றார்கள். டீ குடித்த பிறகே அவ்வளவுதான். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் இப்படித்தான் ஆள் நிலை தடுமாறும், வேர்க்கும், நடுங்கும், யாரென்று தெரியாது என்றார் அங்கிருந்த டாக்டர். நான் சர்க்கரை ஏறுவதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இறங்கினால் இப்படி ஆகும் என்று நினைத்ததே இல்லை.

அறைக்கு வந்து இவர் சாப்பிட்டுத் தூங்கினார். ரேணுகா என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்பலேருந்தும்மா?"

"இன்னிக்குத்தான். விரதம்ல."

"அம்மா."

சொல்லிவிட்டேன். மோட்டார், வாசற்படி, போனில் தூங்கிவிட்டார் என்று சொன்னது, எல்லாம். பெரியப்பா மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் திட்டவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம், திங்கட்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லி, நேரம் வாங்கப் போனை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

நான் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெருக்க வேண்டியதில்லை, சமைக்க வேண்டியதில்லை, ஊசி இல்லை, நூல் இல்லை. வீட்டில் என்றால் ஐந்தாறு ஹூக்காவது வைத்திருப்பேன். ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் போடத் தெரியாமல் நின்ற செவ்வாய்க்கிழமை விரதமில்லையே. நேற்று பொங்கலும் பூரியும் கேசரியுமாக உள்ளே தள்ளியவர் தெளிவாக இருந்தாரே.

மாத்திரைகளை எடுத்துக் கட்டில் மேல் பரப்பினேன். ஊசி கோக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டை அட்டையாகப் படிக்க ஆரம்பித்தேன். வேறு படிக்கவும் ஒன்றுமில்லை. பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பேர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பேர். இத்தனை மாதமாக இந்த அட்டைகளைக் கிழித்துக் கிழித்து டப்பாவில் போட்டிருக்கிறேன், அந்தப் பொடி எழுத்தைப் பார்த்ததே இல்லை.

பத்மநாபன் டாக்டர் கொடுத்தது பச்சை அட்டை. பெரிய ஆஸ்பத்திரி கொடுத்தது ரோஸ் அட்டை. பெரிய எழுத்து வேறு வேறு. பொடி எழுத்து இரண்டிலும் ஒன்றே. கிளிமிபிரைடு, கிளிமிபிரைடு. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்தேன். ரோஸ் அட்டையில் இன்னொரு மருந்தும் கூடச் சேர்ந்திருந்தது.

ஒரே சர்க்கரை மாத்திரையை இரண்டு பங்காக, ஒரு வேளை தவறாமல், வைகாசியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூடவே சோற்றையும் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

ரேணுகா மேலே வந்ததும் காட்டினேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பத்மநாபன் டாக்டருக்குப் போன் போட்டோம்.

"செண்பகம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு டாக்டர்."

அப்புறம், "அங்க கேட்டப்ப என் மாத்திரையச் சொன்னீங்களா?" என்றார். வீட்டு டாக்டர் ஏதோ தருவார் என்று இவர் பொதுவாகச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன்.

"வருத்தப்பட்டிருந்தா ரெண்டு நாள்ல எனக்குச் சரியாப் போயிருக்கும்மா" என்றார். ரோஸ் அட்டையை இன்றிலிருந்து நிறுத்தவேண்டும், வயிறு காயக்கூடாது, ராத்திரியும் காலையும் சர்க்கரை பார்த்துச் சொல்லவேண்டும், செவ்வாய்க்கிழமை நேரில் வரவேண்டும் என்றார். மறதி நோயா டாக்டர் என்று கேட்டேன். இதைச் சரிசெய்யாமல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார்.

போனை வைத்துவிட்டு நானும் ரேணுகாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். முதலில் அழுகை வந்தது, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பு வந்தது. சத்தத்தில் இவர் எழுந்துகொண்டு, "என்ன, காபி வந்துடுச்சா?" என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

நரம்பு டாக்டரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று ரேணுகா சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் அஞ்சலையைப் பார்க்கப் போனோம். இவர் அவருக்கு ஒரு புடவை வாங்கச் சொன்னார். நான் ரவிக்கைக்கு அளவு எடுத்துக்கொண்டேன், இஞ்ச் டேப் இல்லாமல், கைச் சாணால். தைத்து ரேணுகாவிடம் கொடுத்தனுப்பவேண்டும். "புரட்டாசி முடிஞ்சதும் வாங்க, வஞ்சிர மீனு நானே வறுத்துத் தரேன்" என்றார். இவர் இரண்டு தரம் தலையாட்டினார்.

வண்டியில் தூங்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் டீ நன்றாக இருக்காது, அடுத்த கடைக்குப் போ என்று டிரைவரோடு மல்லுக்கு நின்றார். நான் தலையிடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பத்மநாபன் டாக்டரிடம் போனோம். சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இவரிடம் ஏதேதோ கேட்டார். கணக்கு, கிழமை, எங்கள் தெருவில் யார் யார் வீடு என்று. இவர் பதில் சொல்லிவிட்டு, டாக்டரின் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி சத்தம் போடுகிறது, பேரிங் மாற்றவேண்டும் என்றார். மாதா மாதம் வந்து காட்டவேண்டும். நூற்றுக்கு நூறு கவலை போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குத் தொண்ணூறு போதும்.

மாத்திரை டப்பாவை இவரும் நானும் சேர்ந்தே நிரப்புவது என்று முடிவாகியிருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தையல் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் இவருடைய பழைய கட்டிங் பிளேயர், டெஸ்டர். மோட்டார் சுவிட்சுக்கு இவரே போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். ஒரே ஒரு சுவிட்சுக்குத்தான் வைத்தார். சரியான சுவிட்ச்.

காலையில் ரேணுகா கூப்பிட்டு, அடுத்த வருஷம் எங்கே என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தும் பார்த்தேன். ஒரு செருப்பு போனது, மணல் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது, பஃப் கை டீச்சர்கள் தினம் வந்து நிற்கிறார்கள், கண்ணாடிச் சுவரை என் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன். ஆனால் என் கை அங்கே சும்மா இருந்திருக்காவிட்டால் அந்த அட்டையை இன்றைக்கும் படித்திருக்கமாட்டேன். போகலாம், புரட்டாசி மட்டும் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

படையலுக்குச் சேமியா பாயசம் வைத்தேன். நெய்யில் ஒரு கைப்பிடி முந்திரி வறுத்துப் போட்டேன். இவருக்கு அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். ஸ்பூனால் கிளறிக் கிளறிப் பார்த்தார்.

"ஏன் புள்ள, வீட்டுக்குள்ள இவ்ளோ முந்திரி இருக்கு. அன்னிக்கு ராசிபுரத்துல உங்கப்பன் இதுல ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தா என் மானம் தப்பிச்சிருக்குமில்ல?"

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். முப்பத்து மூன்று வருஷமாகச் சொன்ன பதில். நாக்கு நுனி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பதில் மறந்து போச்சா?"

"போட்ட முந்திரிய உங்க அக்கா மடியில கட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"அதானே" என்று கிண்ணத்தை நீட்டினார். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். டாக்டர் அரைக் கிண்ணம்தான் என்று சொல்லியிருந்தார்.